ஓணானுக்கு என்ன கலர்?

மேஜை மேல் அது உட்கார்ந்திருந்தது. உரித்த தேங்காய் அளவு இருக்கும். பல்லி உடம்பு, வௌவால் இறக்கை, மீன் துடுப்பு வைத்த வால், நெற்றியில் இரண்டு கொம்பு. பிரைமர் அடித்துக் காய்ந்து, உடம்பு முழுக்க ஒரே சாம்பல் வெள்ளையாக இருந்தது. ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி வைத்த பெயர் நீளமான ஆங்கிலப் பெயர், எங்கள் வாயில் நுழையவில்லை. தேவகியக்கா பார்த்த உடனே அதற்கு 'ஓணான்' என்று பெயர் வைத்துவிட்டார்.

முதலாளி பாஸ்கரன் சார் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா, இதுக்கு என்ன கலர்?" என்றார்.

பெயிண்ட் ரூமில் நாங்கள் மூன்று பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தேவகியக்கா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார்.

"இன்னா சார், கலர் ஷீட் வர்லியா?"

"ஷீட் கிடையாது. இந்த வாட்டி உங்களையே முடிவு பண்ணச் சொல்லிட்டாங்க."

அதுவரை என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. என் கல்யாணப் புடவையின் நிறத்தையே மாப்பிள்ளை வீட்டார்தான் எடுத்தார்கள். நான் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

வெள்ளையில் நாலு வெள்ளை

கார் கம்பெனியின் பம்பர் லைனில் என் காண்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட கதையை இந்தத் தொடரில் போன வாரம் சொல்லியிருந்தேன். அங்கே பெயிண்ட் சரிபார்க்கும் இடத்தில் மூன்று வருஷம் நின்றேன். கார் வாங்குகிற சனங்களுக்கு வெள்ளைதான் உயிர். வெள்ளை, வெள்ளி, சாம்பல், கருப்பு. எப்போதாவது ஒரு சிவப்பு வந்தால் லைனே திரும்பிப் பார்க்கும்.

வெள்ளையில் மட்டும் நாலு வெள்ளை உண்டு. பால் வெள்ளை, முத்து வெள்ளை, கொஞ்சம் நீலம் பாய்ந்தது, கொஞ்சம் மஞ்சள் பாய்ந்தது. டியூப் லைட்டுக்கு அடியில் நின்று கண்ணாலேயே பிரித்துச் சொல்லிவிடுவேன். வீட்டில் இட்லித் தட்டைத் திறந்தால்கூட, இது எந்த வெள்ளை என்று மனசு ஓடும்.

அந்தக் கண்ணை நம்பித்தான் பிள்ளைப்பாக்கத்தில் பாஸ்கரன் சார் என்னை வேலைக்கு எடுத்தார். அவரும் கார் கம்பெனியில் அச்சு செய்யும் பிரிவில் இருந்தவர்தான். வேலையை விட்டுவிட்டு, மனைக் கல் நட்ட ஒரு வெற்று நிலத்துக்குப் பின்னால் ஷெட் போட்டு, ரெசினில் பொம்மை வார்க்க ஆரம்பித்திருந்தார். ஊரடங்கு முடிந்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருக்கும்.

பொம்மை என்றால் குழந்தைகள் விளையாடுகிற பொம்மை இல்லை. இறக்கை வைத்த குதிரை, கொம்பு முளைத்த மீன், மூன்று தலைப் பாம்பு. வெளிநாட்டில் பெரியவர்களே வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வரிசையில் பன்னிரண்டு உருவம் வந்தால் பன்னிரண்டும் வேண்டும் அவர்களுக்கு. ஒன்று குறைந்தால் நிம்மதி போய்விடுமாம். இதைக் கேட்டு நான் சிரித்தேன். பிறகு கொலு வைக்கிற வீடுகளை நினைத்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

சேர்ந்த முதல் வாரம், கை பழகட்டும் என்று சார் என்னிடம் ஒரு இறக்கைக் குதிரையைக் கொடுத்தார். நான் பழக்க தோஷத்தில் வெள்ளி அடித்து, மேலே பளபளப்புப் பூச்சு ஏற்றி, ஒரு தூசி ஒட்டாமல் கொண்டுபோய் நிறுத்தினேன். தேவகியக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னாமே இது, குதிரையா, காரா? ஒரு நம்பர் பிளேட் மாட்டிட்டீனா அப்டியே ரோட்ல ஓட்டிக்கினு போய்டலாம்."

அந்தக் குதிரை இன்னும் அந்த ஷெட்டின் ஆபீஸ் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்கக் காவல் இருக்கிறது.

நாத்தனாரின் வளைகாப்பு

தேவகியக்காவுக்குப் பென்னலூர். எங்களில் மூத்தவர். அவர் கணவர் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை, அவரே இரண்டு முறை மாறியிருக்கிறார்.

மூன்றாவது ஆள் இசக்கி. திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு கிராமம். ஒரகடத்தில் ஐந்து பெண்களோடு ஒரு வாடகை அறையில் இருந்தாள். கண் வரைவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு மூன்று முடி மட்டும் உள்ள பிரஷ்ஷால் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பாள். வைத்த நிமிஷமே பொம்மை நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஆனால் எந்த நிறம் நன்றாக இருக்கும் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். "ஷீட்ல என்ன போட்டிருக்கோ அதச் செய்யுதேன்க்கா" என்பாள். அதோடு சரி.

சாருக்கு நிறம் என்றால் எண். "பதினாலு மேல ஒன்பது அடிங்க" என்பார். எங்களுக்கு நிறம் என்றால் புடவை. பதினாலு அரக்கு, ஒன்பது மாந்துளிர், இருபத்திரண்டு மயில்கழுத்து. ஒருமுறை முப்பத்தொன்று என்று ஒரு நிறம் வந்தது. ஊதாவும் இல்லை, பழுப்பும் இல்லை. கலந்து கலந்து பார்த்தும் பிடிபடவில்லை. தேவகியக்கா ஷீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அட, இது என் நாத்தனார் வளைகாப்புப் பொடவ!" என்றார். மறுநாள் அந்தப் புடவையையே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதைப் பக்கத்தில் விரித்து வைத்துக் கலந்தோம். முதல் தடவையிலேயே தேறியது.

எவ்வளவு நல்ல மாஸ்க் போட்டாலும் நிறம் உள்ளே போகும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் அன்றைய வேலை தெரியும். என் கணவர் துணி ஊறவைக்கும்போது, "இன்னிக்கு பாம்பா?" என்று கேட்பார். பாம்பு பச்சை.

இனி அந்த ஓணான். பெட்டி பெட்டியாகப் போகிற சரக்கில், எங்கோ சிலவற்றில் மட்டும் அதே உருவம் வேறு நிறத்தில் ஒளிந்திருக்கும். திறக்கிறவரை யாருக்கும் தெரியாது. கிடைத்தவர் அதைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டுவார். அந்த அபூர்வ நிறத்தைத்தான் இந்த முறை அடிக்கிறவர்களே முடிவு செய்யட்டும் என்று எழுதியிருந்தார்கள். முடிவு செய்து அடித்தவர் பெயர் பெட்டிக்குள் வைக்கும் அட்டையில் அச்சாகும். ஒரே ஒரு பெயர்தான். மாதிரி சனிக்கிழமை கூரியரில் போயாக வேண்டும். அன்று திங்கள்கிழமை.

என் பெயர் அதுவரை ரேஷன் கார்டிலும் கம்பெனி ஐடி கார்டிலும்தான் அச்சாகியிருந்தது. பம்பருக்கு அடியில் யாரும் பெயர் போடுவதில்லை. எனக்கு அந்த அட்டை வேண்டும் என்று தோன்றியது. வெட்கமாகவும் இருந்தது.

ஸ்பூன் தோட்டம்

நிறத்தை நேராகப் பொம்மையில் அடித்துப் பார்க்க மாட்டோம். ஐஸ்கிரீம் சாப்பிடும் பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துப் பார்ப்போம். அந்த வளைவில் நிறம் எப்படி விழுகிறது என்று தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் தெர்மாகோல் அட்டை முழுக்க ஸ்பூன்களைக் குத்தி நிறுத்தியிருந்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு நிறம், உடம்புக்கு ஒன்று, இறக்கைக்கு ஒன்று. பூந்தோட்டம் போல இருந்தது. சாரும் தேவகியக்காவும் நடுவர்கள்.

முதல் ஸ்பூன். "இது எங்க வூட்டுக்காரரு வேட்டிக் கரை" என்றார் தேவகியக்கா. "இத்த அடிச்சா எதிர்க்கட்சிக்காரங்க சும்மா வுடுவாங்களா?"

இரண்டாவது ஸ்பூன். "இது எதிர்க்கட்சிக்காரங்க கரை. இத்த அடிச்சா எங்க வூட்டுக்காரரு சோறு துன்ன மாட்டாரு."

"இதை வாங்கறவன் எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கான்மா" என்றார் சார்.

"அவன் கடலுக்கு அந்தாண்ட கீறான் சார். நான் பென்னலூர்ல கீறேன்."

மூன்றாவது, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனியின் யூனிஃபார்ம். ஷிஃப்ட் விடும் நேரத்தில் ஒரகடம் ரோட்டில் நின்று பாருங்கள், சட்டையை வைத்தே எந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறுவார்கள் என்று சொல்லிவிடலாம். நான்காவது மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு அடிப்பது. ஐந்தாவது சுதந்திர தினம். ஆறாவதைப் பார்த்து சாரே, "இது எங்க அபார்ட்மென்ட் அசோசியேஷன் போர்டும்மா, அங்க பெரிய சண்டை ஓடிக்கிட்டு இருக்கு" என்றார்.

இந்த ஊரில் இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது யாருக்காவது சொந்தமாக இருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

சார் நெற்றியைத் தேய்த்தார். "வம்பே வேண்டாம். கிரே அடிச்சிடலாமா? மேல கொஞ்சம் சில்வர்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாம்பலும் வெள்ளியும்! கடைசி வரிசையிலிருந்த ஒரு ஸ்பூனைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினேன். "சார், இத்த மட்டும் பாருங்க."

எந்த இரண்டு நிறம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் ஓணானை விட்டுவிட்டு வேறெதையோ பார்ப்பீர்கள், மீதிப் பேர் ஆசிரியருக்குக் கடிதம் போடுவீர்கள். இரண்டும் பளிச்சென்ற நிறங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றை ஒன்று தூக்கி நிறுத்தும். இதுவரை சொன்னால் போதும்.

தேவகியக்கா ஸ்பூனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா கீது. இது யாரு கொடியும் இல்ல."

சார் முகம் தெளிந்தது. நான் திரும்பி இசக்கியைப் பார்த்தேன். அவள் என் ஸ்பூனைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கையிலிருந்த பிரஷ்ஷைக் கழுவாமல் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவள் பிரஷ்ஷைக் கழுவாமல் வைத்து நான் பார்த்ததே இல்லை.

பொறாமை என்று நினைத்தேன். இத்தனை நாள் வாயைத் திறக்காதவளுக்கு இப்போது மட்டும் என்ன என்று கோபமும் வந்தது. புதன்கிழமை அவள் என்னோடு டீ குடிக்க வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

கம்ப்ரஸர் நின்ற மத்தியானம்

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. கம்ப்ரஸர் நின்றதும் காது கொய்யென்றது. தேவகியக்கா துப்பட்டாவை விரித்துப் படுத்துவிட்டார். நான் கை கழுவ வெளியே வந்தேன். இசக்கி குழாயடியில் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுப் பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை துணி உறை போட்டிருப்பவள், அன்று கழற்றி வைத்திருந்தாள்.

"என்மேல இன்னாடி கோவம் ஒனக்கு?" என்று நேராகவே கேட்டேன்.

"கோவம் இல்லக்கா. அந்தக் கலர் எனக்கு ஆவாது."

"நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கு. அதான் சங்கடம்."

இன்னும் கொஞ்சம் எண்ணெயைத் தொட்டுக்கொண்டாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

"எட்டாப்பு படிக்கும்போது கோயில் கொடையில வளையல் வாங்குனேன். அந்த ரெண்டு கலரு. ஒண்ணு விட்டு ஒண்ணு மாத்தி மாத்திப் போட்டேன். எங்கம்மைகூட 'நல்லாருக்கு பிள்ள'ன்னா. மறுநா பஸ்ஸுல அந்தத் தெருப் பிள்ளைய நாலு பேரு வந்தாளுவ. 'எங்க கலர ஒனக்கு யாருட்டி போடச் சொன்னா'ன்னு கேட்டாளுவ. கையக் கம்பியோட சேத்துப் புடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா ஒடச்சாளுவ. கண்ணாடி வளையலுல்லா."

கையைத் திருப்பிக் காட்டினாள். மணிக்கட்டில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், ஏழெட்டு இருக்கும். முன்பு ஒருமுறை கண்ணில் பட்டபோது தின்னர் சுட்ட தழும்பு என்று நினைத்திருந்தேன்.

"அவுக கலருன்னே எனக்குத் தெரியாதுக்கா. பளிச்சின்னு இருந்துச்சு, வாங்குனேன். பஸ்ஸுல அம்புட்டு பேரும் இருந்தாவ. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். மூடிக்கொண்டேன். எங்கள் ஊரில் அது நிறத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. எனக்குத் தெரியாதா?

"அத்தத் தூக்கிக் கடாசிடலாம்டி. வேற கலர் பாத்துக்கலாம்" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. கம்ப்ரஸர் தட்ட ஆரம்பித்தது. உள்ளே போனோம். சாரிடம் காரணம் சொல்லாமல், அந்த ஸ்பூன் சரிப்படாது என்று மட்டும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு, "அப்ப கிரேதான்" என்றார். பெயர் அச்சாகும் ஆசையைச் சாம்பல் பெயிண்டோடு கலந்து மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

கொம்பு

வெள்ளிக்கிழமை நான் போனபோது இசக்கி முன்னாலேயே வந்திருந்தாள். ஓணான் அவள் முன்னால் இருந்தது. பக்கத்தில் சாம்பல் டப்பா திறக்காமல் இருந்தது. அந்த இரண்டு நிறமும் கலந்து தயாராக இருந்தன.

"சார், அந்தக் கலர்தான். நான் அடிக்கேன்" என்றாள்.

சார் என்னைப் பார்த்தார், தேவகியக்காவைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல், "என்னம்மா நடக்குது இங்க?" என்றார்.

இசக்கி சொன்னாள். என்னிடம் சொன்னதில் பாதிகூட இல்லை, நாலே வரி. தலையைக் குனியாமல் சொன்னாள். தேவகியக்கா அந்த நாலு பெண்களுக்கும் அவர்கள் பரம்பரைக்கும் ஒரு நிமிஷம் மூச்சு விடாமல் கொடுத்தார். அதில் ஒரு வார்த்தையைக்கூட இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஓணானின் வால் ஆடாமல் இருக்கக் குச்சியால் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அடிமே. நான் புடிச்சிக்கிறேன்."

நான் நினைத்திருந்தது உடம்புக்கு ஒன்று, இறக்கைக்கு ஒன்று. இசக்கி அப்படிச் செய்யவில்லை. உடம்புக்கும் இறக்கைக்கும் கருநீலம் அடித்துவிட்டு, அந்த இரண்டு நிறத்தையும் இரண்டு கொம்பிலும் வளையம் வளையமாக ஏற்றினாள். ஒன்று விட்டு ஒன்று, அடியில் தடிமன், நுனிக்குப் போகப்போக நூல் போல. பிறகு அதையே வாலில் தொடர்ந்தாள். ஒரு வளையம் காய்ந்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று பேருமே போகவில்லை. பாஸ்கரன் சார் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் டீ வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

கடைசியாகக் கண்ணில் அந்த வெள்ளைப் புள்ளியை வைத்தாள். ஓணான் எங்களைப் பார்த்தது. நல்ல திமிரோடு பார்த்தது.

"இத எவ வந்து கழட்டுவா பாப்போம்" என்று இசக்கி மெதுவாகச் சொன்னாள். அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன். மூக்கால் சிரிப்பாள் என்று அதுவரை தெரியாது.

அட்டைக்கு யார் பெயர் என்று சார் கேட்டபோது, "கலர் எடுத்தது அக்காதான், அக்கா பேரப் போடுங்க" என்றாள். நான் ஒரு நொடி யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி நன்றாகவே யோசித்தேன். "நான் எடுத்தது ஸ்பூன். இந்த ஓணான் இவளோடது சார்" என்றேன். கொஞ்சம் வலித்தது. பெரிதாக இல்லை.

ஒரே வரி

சனிக்கிழமை கூரியரில் போனது. இரண்டு வாரமோ மூன்று வாரமோ கழித்து ஒரு காலையில் சார் லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு பெயிண்ட் ரூமுக்கே ஓடிவந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிடித்துவிட்டதாம். ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லையாம். தேவகியக்கா என் முதுகில் ஒரு அறை விட்டார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் பக்கத்தில் நிற்கக்கூடாது.

"இன்னொண்ணும் கேட்டிருக்காங்க" என்றார் சார். "அட்டையில பேருக்கு மேல ஒரு வரி போடணுமாம். இந்த நிறங்களுக்கு உங்க ஊர்ல என்ன அர்த்தம், ஏதாவது பழைய கதை உண்டான்னு கேக்கறாங்க."



தேவகியக்காதான் முதலில் சுதாரித்தார். "எழுதுங்க சார். ஏரிக்கரையில ஏழு தலை ஓணான் ஒண்ணு இருந்திச்சாம். வெள்ளம் வந்தப்ப ஊரையே முதுகுல தூக்கிக்கினு..."

"ஏழு தலைன்னா இதுக்கு ஒண்ணுதானேம்மா இருக்கு?"

"மிச்சம் ஆறு வெள்ளத்துல பூட்ச்சின்னு போடுங்க."

சார் உண்மையாகவே தட்டச்சு செய்யப் போனார். இசக்கி கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"கத ஒண்ணும் வேண்டாம் சார். எனக்குப் புடிச்ச கலரு, அதான் அடிச்சேன்னு போடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சார் ஒரு விரலால் தட்டி முடித்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. அதன் கீழே அவள் பெயர். இசக்கி குனிந்து, எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள்.

"ஸ்பெல்லிங் சரிதானக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். சரிதான் என்றேன்.